நீதிபதி தர்குட் மார்ஷல்

கல்வி கற்க விழைந்து வந்தவரைப் பிறப்பைக் கேட்டுக் கதவுக்கு வெளியே நிறுத்திய நாடுகள் உலகில் பல உள. அங்ஙனம் நிறுத்தப்பட்டவருள் பலர் மனம் நொந்து திரும்பினர். சிலர் கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தனர். மிகச் சிலரே அக்கதவு எந்தச் சட்டத்தில் மாட்டப்பட்டிருந்ததோ அந்தச் சட்டத்தையே கற்றுத் தேர்ந்து, பின்வருவோர் பொருட்டு அதனைக் கழற்றியெடுத்தனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய தர்குட் மார்ஷல் அம்மிகச் சிலருள் முதன்மையானவர். அவருடைய சரித்திரத்தை நம் வாசகர்களுக்கு, சிறப்பாகக் கல்லூரியில் பயிலும் இளைஞர்களுக்கு, எடுத்துரைப்பது பயனுடையதென்று கருதுகின்றோம்.

ஏனெனில், சலுகையால் இடம் பெற்றவன் என்னும் சொல்லைக் கேட்டுத் தலை கவிழ்ந்து வரும் மாணவரை நாம் அடிக்கடி காண்கின்றோம். அச்சொல் அமெரிக்காவிலும் வழங்குகின்றது. அதற்கு அங்கே மறுமொழி தேடியவர் இப்பெரியார்.

பிறப்பும் வளர்ப்பும்

மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரில் 1908-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் இவர் பிறந்தார். இவருடைய முன்னோர் அடிமைகளாயிருந்தவர்கள். தந்தை வில்லியம் மார்ஷல் ரயில் வண்டியில் உணவு பரிமாறும் பணியாளராகவும், பிறகு வெள்ளையர் மட்டுமே உறுப்பினராயிருந்த ஒரு மனமகிழ் மன்றத்தில் மேற்பார்வையாளராகவும் உழைத்தவர். தாய் நார்மா தொடக்கப் பள்ளி ஆசிரியை.

தந்தையார் பெரிய படிப்புப் படித்தவரல்லர். ஆயினும் ஓய்வு கிடைத்த போதெல்லாம் நீதிமன்றத்துக்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்து வழக்குகளைக் கேட்பது அவருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வார். வீடு திரும்பி உணவுக்கு அமர்ந்ததும் அன்றைய செய்தியைக் குறித்து வாதம் தொடங்கும். பிள்ளை எதைச் சொன்னாலும் காரணம் காட்டு என்பார். காட்டிய காரணத்தையும் மறுப்பார். மகனை வழக்கறிஞனாகும்படி அவர் ஒருபோதும் பணித்ததில்லை என்றும், தம்மை அவ்வழியில் திருப்பியவர் அவரேயென்றும் மார்ஷல் பிற்காலத்தில் நினைவுகூர்வது வழக்கம்.

பள்ளியில் இவர் சற்றுக் குறும்பர். குறும்பு செய்தால், நிலவறையில் தனியே அமர்ந்து அந்நாட்டு அரசியல் சாசனத்தின் ஒரு பகுதியை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது தண்டனை. பள்ளியை விட்டு நீங்குமுன் சாசனத்தில் பெரும்பகுதி இவருக்கு மனப்பாடமாகிவிட்டது! மாந்தர் யாவர்க்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு உண்டென்று கூறும் பதினான்காவது திருத்தம் அச்சாசனத்தில் 1868 முதல் இருக்கின்றது. அதனை மனப்பாடம் செய்த சிறுவன் நகரத்துத் தெருவுக்கு வந்தால், கறுப்பினத்தார்க்குத் தனிப் பள்ளி, தனி உணவகம். எழுத்தில் ஒன்றும் தெருவில் வேறொன்றும் இருப்பதை அவ்வயதிலேயே கண்டார்.

தாய் அடகு வைத்த மோதிரங்கள்

பென்சில்வேனியாவில் கறுப்பின மாணவர்க்கென்றே அமைந்த லிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1930-இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். மாணவராயிருந்த போதே 1929-இல் விவியன் பரே என்னும் நங்கையை மணந்தார். அடுத்துச் சட்டம் பயில விரும்பினார். அவருடைய ஊராகிய பால்டிமோரிலேயே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி இருந்தது. அஃது அரசாங்கக் கல்லூரி. இவருடைய பெற்றோர் செலுத்திய வரிப்பணமும் சேர்ந்து நடத்திய கல்லூரி. ஆனால் கறுப்பினத்தார்க்கு அங்கே இடமில்லை. எட்டிய தொலைவில் இருந்த அக்கதவு இவருக்கு மூடியே கிடந்தது.

ஆகவே வாஷிங்டன் நகரத்திலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தை நாடினார். அங்கே தங்கிப் படிக்கப் பொருளில்லை. விடியுமுன் எழுந்து ரயிலேறி வாஷிங்டன் சென்று படித்துவிட்டு, மீண்டும் பால்டிமோர் வந்து கிடைத்த வேலையைச் செய்து, இரவில் பாடம் படிப்பார். கல்லூரிக் கட்டணத்துக்காகத் தாயார் தம் திருமண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார். நம் வீடுகளிலும் பிள்ளையின் படிப்புக்காகத் தாலிக் கொடியைக் கழற்றிக் கொடுத்த தாய்மார் எத்தனை பேர்! கடல் கடந்தாலும் தாயுள்ளம் ஒன்றே.

ஹோவர்டில் இவருக்கு வாய்த்த ஆசான் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். இவர் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பயின்று, அக்கல்லூரியின் புகழ்மிக்க சட்ட இதழுக்கு ஆசிரியர் குழுவில் இடம் பெற்ற முதற் கறுப்பினத்தார். மாணவரை இரக்கமின்றிக் கசக்கிப் பிழிவார். வெள்ளை வழக்கறிஞர் ஒரு பிழை செய்தால் உலகம் பொறுக்கும், கறுப்பர் செய்தால் இனம் முழுவதையும் பழிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். வழக்கறிஞன் என்பவன் சமூகத்தைச் செப்பனிடும் பொறியாளனாக இருக்க வேண்டும். இல்லையேல் அவன் ஒட்டுண்ணி என்பது அவர் கொள்கை. 1933-இல் மார்ஷல் தம் வகுப்பில் முதல்வராகத் தேறி வெளிவந்தார்.

முதற் கதவு

பொருளாதாரம் சீர்குலைந்திருந்த காலம் அது. பால்டிமோரில் இவரை நாடி வந்த ஏழை மக்களால் கட்டணம் கொடுக்க இயலவில்லை. வருவாய் குறைந்தது, பெயர் வளர்ந்தது. இந்நிலையில், ஆம்ஹர்ஸ்ட் என்னும் சிறந்த கல்லூரியில் பட்டம் பெற்ற டொனால்டு கெய்ன்ஸ் மரே என்னும் கறுப்பின இளைஞர் மேரிலாந்து சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். தகுதியில் குறையொன்றும் இல்லை. நிறம் காரணமாகவே விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மார்ஷலும் அவர் ஆசானும் 1935-இல் வழக்குத் தொடுத்தனர்.

அக்காலத்தில் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1896-இல் வகுத்த ஒரு கொள்கை நடைமுறையிலிருந்தது. இரு இனத்தாரையும் பிரித்து வைக்கலாம், இருவர்க்கும் அளிக்கும் வசதி சமமாயிருந்தால் போதும் என்பதே அக்கொள்கை. மார்ஷல் அக்கொள்கையை நேராக எதிர்க்கவில்லை. அதனையே அளவுகோலாக எடுத்துக் கொண்டார். மேரிலாந்து மாநிலத்தில் கறுப்பர்க்கென வேறு சட்டக் கல்லூரி உண்டோ என்று வினவினார். இல்லை. அங்ஙனமாயின் சமம் எங்கே? உள்ள ஒரே கல்லூரியில் இவரைச் சேர்ப்பதன்றி வேறு வழியில்லையே! நகர நீதிபதி அவ்வாறே ஆணையிட்டார். 1936 ஜனவரியில் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. மரே 1938-இல் பட்டம் பெற்றார். தமக்கு மூடிய கதவைப் பிறர்க்குத் திறந்து வைப்பதில் மார்ஷலின் பொது வாழ்வு தொடங்கிற்று.

1936-இல் நியூயார்க்கு சென்று, 1909-இல் நிறுவப்பட்ட நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் பணியேற்றார். 1940-இல் அதன் சட்டப் பாதுகாப்பு நிதியை நிறுவித் தலைமை தாங்கினார். அந்தச் சங்கத்தை நிறுவியவருள் ஒருவரான அறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்கு 1946-இல் நம் அண்ணல் அம்பேத்கர் ஒரு கடிதம் வரைந்தார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படியை அதில் வேண்டியிருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்ற அண்ணலுக்கு அந்த மக்களின் துயரும் தம் மக்களின் துயரும் ஒரு கிளையில் கிளைத்தவை என்பது நன்கு தெரியும்.

உயிருக்கு வந்த இடர்

தென் மாநிலங்களில் வழக்காடச் செல்வது அந்நாளில் உயிரைப் பணயம் வைப்பதாகும். உணவகத்தில் உணவு கிடையாது. விடுதியில் இடம் கிடையாது. இரவுக்கு ஒரு வீடு, மறு இரவுக்கு வேறு வீடு என்று தங்க வேண்டும். 1946 நவம்பரில் டென்னசி மாநிலத்துக் கொலம்பியா என்னும் ஊரில் வழக்கை முடித்துத் திரும்புகையில், குடித்து வண்டி ஓட்டினார் என்று பொய்க் குற்றம் சாற்றிக் காவலர் இவரைத் தனியே ஏற்றிக் கொண்டு ஆற்றங்கரையை நோக்கிச் சென்றனர். உடன் வந்த வழக்கறிஞர் பின்தொடர்ந்து போனமையால் வேறு வழியின்றி ஊருக்குள் திரும்பினர். அங்கே நடுவர் இவர் வாயை முகர்ந்து பார்த்துக் குடிக்கவில்லையென்று விடுவித்தார். அந்த நண்பர் பின்தொடராதிருந்தால் அமெரிக்காவின் சரித்திரம் வேறாயிருக்கும்.

நிலவறைக் கல்லூரி

டெக்சாஸ் மாநிலத்தில் ஹெமன் ஸ்வெட் என்னும் கறுப்பின அஞ்சல் ஊழியர் 1946-இல் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. மார்ஷல் வழக்குத் தொடுத்தார். மேரிலாந்தில் நேர்ந்ததை அறிந்திருந்த டெக்சாஸ் ஆட்சியினர் அவசர அவசரமாக ஒரு தனிச் சட்டக் கல்லூரியைத் தோற்றுவித்தனர். தலைநகரில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் சில அறைகள், பகுதி நேரமாகப் பாடம் சொல்லச் சில ஆசிரியர், இவ்வளவே கல்லூரி. இதுவும் சமமே என்று வாதாடினர்.

மார்ஷல் சிகாகோவிலிருந்து ராபர்ட் ரெட்பீல்டு என்னும் மானிடவியல் பேரறிஞரைச் சாட்சியாக வரவழைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கல்லூரி என்பது சுவரும் நூலும் மட்டுமன்று என்பதை 1950 ஜூன் 5-ஆம் நாள் அந்நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றது. அதன் புகழ், ஆசிரியரின் தகுதி, முன்னாள் மாணவரின் செல்வாக்கு, உடன் பயில்வோரோடு கலந்து வாதிடும் வாய்ப்பு ஆகியவை அளவிட இயலாதவை. அவையின்றிச் சமமில்லை என்று தீர்ப்பாயிற்று. ஸ்வெட் அக்கல்லூரியில் சேர்ந்தார். ஆயினும் நெடுநாள் வழக்கால் உடலும் உள்ளமும் நலிந்து பட்டம் பெறாமலே விலகினார். கதவைத் திறந்தவர் உள்ளே நெடுநாள் இருக்க இயலாமற் போவதும் உண்டு. அவர் பட்ட பாட்டின் பயனைப் பின் வந்தோர் பெற்றனர்.

இத்தீர்ப்பை நம் வாசகர் நன்கு கருத வேண்டும். உயர்ந்த கல்லூரியில் ஓர் இடம் என்பது நான்காண்டுப் பாடம் மட்டுமன்று. அங்குச் சென்றவரே பின்னாளில் நீதிபதியாகவும் அமைச்சராகவும் ஆலை முதலாளியாகவும் வருகின்றனர். ஆதலினாலேதான் அவ்விடத்துக்கு இவ்வளவு போட்டி. ஆதலினாலேதான் அதனை யாருக்கு அளிப்பது என்பதில் இத்தனை வழக்கு.

ஆசான் ஹூஸ்டன் அத்தீர்ப்பைக் காணாமலே 1950 ஏப்ரலில் மறைந்தார். அவர் இட்ட பாவில் மாணவர் ஊடை ஓட்டினார். 1954 மே 17-ஆம் நாள், பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்தல் சாசனத்துக்கு முரண் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்குகளுக்குத் தலைமை தாங்கியவர் மார்ஷல். உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதிட்ட வழக்குகள் 32. வென்றவை 29 என்பர்.

மனைவியார் விவியன் 1955-இல் காலமானார். அதே ஆண்டு இறுதியில், ஹவாய்த் தீவில் பிலிப்பைன்ஸ் பெற்றோர்க்குப் பிறந்தவரும் சங்கத்தில் பணியாற்றியவருமான சிசிலியா சுயாட் அம்மையாரை மணந்து இரு புதல்வர்களைப் பெற்றார்.

நீதிபீடத்தில்

1961-இல் குடியரசுத் தலைவர் கென்னடி இவரை மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். தென் மாநிலச் செனட்டர்களின் எதிர்ப்பால் ஒப்புதல் கிடைக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. 1965-இல் ஜான்சன் இவரை அரசாங்கத்தின் தலைமை வழக்குரைஞராக்கினார். 1967 ஆகஸ்டு 30-ஆம் நாள் 69 வாக்குக்கு 11 வாக்காகச் செனட் சபை ஒப்ப, உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பினத்தார் ஆனார்.

இதற்கிடையே நாட்டில் ஒரு புதிய முறை தோன்றியிருந்தது. கதவைத் திறந்து விட்டால் மட்டும் போதாது. நெடுங்காலம் வெளியே நின்றவர் உள்ளே வர உதவி செய்தல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. கென்னடியின் 1961-ஆம் ஆண்டு ஆணையில் அபர்மேட்டிவ் ஆக்ஷன் என்னும் பெயர் தோன்றிற்று. அது நம் நாட்டு இட ஒதுக்கீட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்றது. ஆனால் நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டின் முதல் சாசனத் திருத்தம் கல்வியில் பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்குத் தெளிவாக இடமளித்தது. அமெரிக்கச் சாசனத்தில் அத்தகைய வாசகம் இல்லை. பல்கலைக்கழகங்கள் தத்தம் மனம் போல் திட்டம் வகுத்தன. அவை நிற்குமா விழுமா என்பது நீதிபதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததாயிற்று.

பதினாறு இடங்களின் வழக்கு

கலிபோர்னியாவில் டேவிஸ் என்னும் ஊரில் 1968-இல் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. முதல் வகுப்பில் கறுப்பினத்தார் ஒருவரேனும் இல்லை. ஆகவே பின்னர் ஆண்டுதோறும் சேர்க்கும் 100 மாணவருள் 16 இடங்களைப் பின்தங்கிய சிறுபான்மையினர்க்கென ஒதுக்கினர். ஆலன் பாக்கி என்னும் வெள்ளையர், பொறியாளராயிருந்தவர், 1973-இலும் 1974-இலும் விண்ணப்பித்து இடம் பெறவில்லை. ஒதுக்கிய இடங்களில் சேர்ந்த சிலரைவிடத் தம் மதிப்பெண் மிகுதி என்றும், தம்மை நிறத்தால் ஒதுக்கியது அநீதி என்றும் வழக்குத் தொடுத்தார்.

அவருடைய முறையீட்டை நாம் இகழ்ந்து தள்ளலாகாது. முயன்று படித்த ஒருவர், தாம் செய்யாத குற்றத்துக்குத் தம் இடத்தை ஏன் இழக்க வேண்டும் என்று கேட்டால், அது மனிதர் எவரும் கேட்கக்கூடிய கேள்வியே. மேலும், நிறத்தைப் பார்க்காதே என்று நெடுநாள் வாதாடியவர் மார்ஷல். இப்பொழுது நிறத்தைப் பார்த்து இடம் கொடுக்கலாம் என்று அவரே தீர்ப்பளிப்பாரா? இதுவே அவருக்கு வந்த பெருஞ் சோதனை.

1978 ஜூன் 28-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. நீதிபதிகள் நால்வர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். இடையில் நின்ற நீதிபதி பவல் இரு தரத்தாரோடும் ஒவ்வொரு பகுதியில் சேர்ந்தார். இத்தனை இடம் என்று எண்ணி ஒதுக்குதல் கூடாது. பாக்கியைச் சேர்த்துக் கொள்ள வேண்டும். ஆனால் பல திறத்து மாணவரும் கலந்து பயில்வது கல்விக்கு நன்று. அதன் பொருட்டு இனத்தையும் பல குறிப்புகளுள் ஒன்றாகக் கருதலாம். இதற்கு உதாரணமாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முறையை அவர் காட்டினார்.

மார்ஷல் தனியே ஒரு கருத்துரை வரைந்தார். அதனை அவர் வாழ்வின் சாரம் எனலாம். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டு வந்த நாள் முதல், சாசனம் இயற்றியோர் அடிமை முறையை விட்டு வைத்தது, உள்நாட்டுப் போருக்குப் பின் கிடைத்த உரிமைகளை நீதிமன்றமே பறித்தது, 1896-இன் தீர்ப்பு ஆகியவற்றை வரிசையாக எடுத்துரைத்தார். பிறகு அன்றைய நிலையை எண்களால் காட்டினார். கறுப்பினக் குழந்தையின் ஆயுள் வெள்ளைக் குழந்தையின் ஆயுளைவிட ஐந்து ஆண்டுக்கு மேல் குறைவு. கறுப்பினக் குடும்பத்தின் நடுநிலை வருவாய் வெள்ளையருடையதில் 60 விழுக்காடு. மக்கள் தொகையில் கறுப்பர் 11.5 விழுக்காடு, வழக்கறிஞர் நீதிபதிகளுள் 1.2 விழுக்காடு, மருத்துவருள் 2 விழுக்காடு, பொறியாளருள் 1.1 விழுக்காடு.

இதிலிருந்து அவர் முடிவு கட்டியது யாது? நிறத்தால் செய்த தீங்கை நிறத்தைப் பாராமல் தீர்க்க இயலாது. பதினான்காவது திருத்தத்தை இயற்றிய அதே சட்டமன்றத்தார் அதே ஆண்டுகளில் விடுதலையடைந்த கறுப்பர்க்கென்றே உதவிச் சட்டங்களையும் இயற்றினர். ஆகையால் அவ்வுதவி அத்திருத்தத்துக்கு முரணாகாது. இரு நூற்றாண்டுகளாக இன வேற்றுமையைத் தடுக்காத சாசனம், அதன் விளைவைத் துடைக்க ஒரு மாநிலம் முன்வரும்போது மட்டும் குறுக்கே நிற்பது பொருந்தாது. வெளியே தள்ளுதற்காக நிறத்தைப் பார்ப்பதும் உள்ளே சேர்த்தற்காகப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதே அவர் கண்ட தெளிவு. அவர் முன்பு கூறியதற்கு இது மாறன்று. முன்பு எதிர்த்ததும் தாழ்த்துதலையே, இப்போது எதிர்த்ததும் தாழ்த்துதல் நிலைத்திருப்பதையே.

பஞ்சாலையில் பல்லாண்டு உழைத்த நாம் ஒன்று அறிவோம். ஓடும் தறியில் ஓர் இழை அறுந்தால், அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து அங்கேயே முடிச்சிட வேண்டும். எல்லா இழையும் எமக்கு ஒன்றே, எதனையும் தனியே கவனியோம் என்று தறியை ஓட்டினால், அறுந்த இழை இருந்த வழி நெடுகத் துணியில் வெற்றுக் கோடு விழும். அந்த முடிச்சு மற்ற இழைகளுக்குச் செய்த வஞ்சனை என்று எந்த நெசவாளியும் சொல்லமாட்டான்.

இறுதி நாட்களும் அதன் பின்னும்

பாக்கி வழக்கில் மார்ஷலின் வழி ஏற்கப்படவில்லை. கடனைத் தீர்த்தல் என்னும் காரணத்தை நீக்கி, பல திறத்தார் கலந்து பயிலுதல் என்னும் காரணம் ஒன்றே சட்டமாக நின்றது. பட்ட கடனைக் கடன் என்று எழுதாமல், வீட்டுக்கு அழகு கருதிச் செய்த செலவு என்று எழுதி வைத்தது போலாயிற்று. கடன் என்று எழுதினால் திருப்பித் தரும் வரை தீராது. அழகுக்கான செலவாயின், போதும் என்று எவரும் ஒருநாள் நிறுத்தலாம்.

1980-இல் மேரிலாந்து சட்டக் கல்லூரி தன் நூலகத்துக்கு மார்ஷலின் பெயரைச் சூட்டிற்று. அவ்விழாவுக்கு அவர் செல்லவில்லை. டெக்சாஸில் கறுப்பரைத் தனியே வைக்கத் தோற்றுவித்த அந்தக் கல்லூரியின் வழி வந்த சட்டக் கல்லூரியும் பிற்காலத்தில் அவர் பெயரையே தாங்கிற்று. 1987-இல் சாசனத்தின் இருநூறாண்டு விழாவை நாடு கொண்டாடியபோது, முதற் சாசனம் குறையுடையது என்றும், அதனைத் திருத்த உயிர் கொடுத்தோரையே போற்ற வேண்டும் என்றும் எடுத்துரைத்து விழாவினரை நாணச் செய்தார். முதுமையும் நோயும் வருத்த 1991-இல் ஓய்வு பெற்றார். 1993 ஜனவரி 24-ஆம் நாள் தம் 84-ஆம் வயதில் மறைந்தார். ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவருடைய இருக்கையில் அமர்ந்த கிளாரன்ஸ் தாமஸ் அவர்களும் கறுப்பினத்தாரே. ஆயினும் இச்சலுகை முறை கறுப்பினத்தாரின் தன்மானத்தைக் குறைக்கின்றது என்னும் கருத்தினர். ஓரினத்தார் யாவரும் ஒரே கருத்தினர் ஆவதில்லை. அவர் வாதத்தையும் கேட்டே ஆக வேண்டும்.

பிறகு நிகழ்ந்தவற்றைச் சுருக்கிக் கூறுவோம். கலிபோர்னியா மக்கள் 1996-இல் வாக்கெடுப்பின் மூலம் அரசுக் கல்லூரிகளில் இம்முறையை நீக்கினர். அதே ஆண்டு, ஸ்வெட் போராடிய அதே டெக்சாஸ் சட்டக் கல்லூரியின் சலுகை முறையை மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. அடுத்த ஆண்டு அங்கே புதிதாய்ச் சேர்ந்த கறுப்பினத்தார் விரல் விட்டு எண்ணத்தக்கவரே. அம்மாநிலச் சட்டமன்றம் 1997-இல் வேறொரு வழி கண்டது. மாநிலத்தின் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முதற் பத்து விழுக்காட்டில் தேறுவோர்க்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாயிற்று. 2003-இல் மிச்சிகன் சட்டக் கல்லூரி வழக்கில் இனத்தைக் கருதும் முறை ஐவர்க்கு நால்வராகப் பிழைத்தது.

இறுதியில் 2023 ஜூன் 29-ஆம் நாள், ஹார்வர்டு, வடகரோலினா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் முறையையும் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. வழக்கிட்டோர் ஆசிய மரபு மாணவர்க்கு இழைத்த அநீதியை எடுத்துக்காட்டினர். குடியேறி வந்து கடுமையாக உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோரின் அக்குறையிலும் உண்மை உண்டாயின் அதனை மறைத்தல் அறமன்று. கலந்து பயிலுதல் என்னும் நோக்கத்தை அளந்தறிய இயலாது, அதற்கு முடிவும் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். மார்ஷலின் காரணத்தை விட்டு வேறு காரணத்தின்மேல் கட்டிய வீடு, 45 ஆண்டுகளில் அந்தக் காரணத்தோடு சரிந்தது. எனினும், இனம் தன் வாழ்வை எவ்வாறு தாக்கியது என்பதை மாணவர் தம் விண்ணப்பத்தில் எழுதலாம் என்று ஒரு சிறு சாளரத்தைத் திறந்து வைத்தனர்.

விளைவு கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், முன் ஆண்டுகளில் புதிய மாணவருள் சராசரி 13 விழுக்காடாயிருந்த கறுப்பினத்தார், 2024-இல் சேர்ந்த வகுப்பில் 5 விழுக்காடாயினர். வேறு சில கல்லூரிகளில் பெரிய மாற்றமில்லை. இதனிடையே, முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்கும் பெருங்கொடையாளரின் உறவினர்க்கும் முன்னுரிமை அளிக்கும் பழைய வழக்கத்தை அத்தீர்ப்பு தொடவில்லை. அதுவும் பிறப்பால் வரும் சலுகையே. அதனைப் பெற்றவர் தலை கவிழ்ந்து நடப்பதை மட்டும் யாரும் கண்டிலர்!

நாம் கொள்ளத்தக்கது

இளைஞர்களே, மார்ஷல் சலுகை பெற்று உயர்ந்தவரல்லர்; கதவு மூடியிருந்தும் முதல்வராகத் தேறியவர். ஆயினும், யாம் இவ்வாறு வந்தோம், நீங்களும் அவ்வாறே வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. தாயின் மோதிரத்தை அடகு வைத்து விடியற்காலை ரயிலேற வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாதென்றே உழைத்தார். தம் வலிமையைப் பிறர்க்கு விதியாக்காமை அவரிடம் நாம் கற்க வேண்டிய பெருங்குணம்.

இன்னொன்றும் உண்டு. இடம் கிடைத்த பின் படிக்க வேண்டியது நம் கடமை. ஹூஸ்டன் தம் மாணவரைக் கசக்கியது இதற்காகவே. ஒதுக்கிய இடத்தில் அமர்ந்த மாணவன் நூலகத்தில் விளக்கணையும் வரை படிப்பானாகில், அவனை நோக்கிச் சொல்லும் இழிசொல் சொல்லியவன் வாயிலேயே தங்கிவிடும்.

உங்களுக்குக் கிடைத்த இடம் பிச்சையன்று. உங்கள் பாட்டனார் வெளியே நிற்க வைக்கப்பட்ட நாட்களின் கணக்கில் ஒரு சிறு பகுதி அது. தலை நிமிர்ந்து வகுப்புக்குச் செல்லுங்கள். வெளியே இன்னும் நிற்பவரை மறவாதிருங்கள்.